டேனியல் கடையின் வெள்ளைத் துணி

திருப்பூரில் எண்ணெய்க்குப் பயப்படுகிறவர்கள் இரண்டு வகை. டாக்டர் சொல்லிப் பயப்படுகிறவர்கள் ஒரு வகை. வெள்ளைத் துணியில் பிழைப்பு நடத்துகிறவர்கள் இன்னொரு வகை. என் பக்கத்துக் கடைக்காரர் டேனியல் இரண்டாவது வகை, அதுவும் முற்றிய கேஸ். டீக்கடையில் போண்டாவைப் பேப்பரில் வைத்து அழுத்து அழுத்தென்று அழுத்தி, அது போண்டாவா புண்ணாக்கா என்று தெரியாத நிலைக்கு வந்த பிறகுதான் வாயில் வைப்பார்.

நான் தையல் மெஷினுக்கு உதிரி பாகம் விற்கிறவன். பெயர் வெள்ளையன். ஊசி, பெல்ட், பாபின் என்று கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வேலை. உட்கார்ந்திருக்கிறவனுக்கு அடுத்தவன் கடையைப் பார்ப்பதைத் தவிர வேறென்ன பொழுதுபோக்கு. டேனியலுடையது சாணைக் கடை. பனியன் கம்பெனிகளின் கத்திகள் அவரிடம்தான் வரும். கட்டிங் மெஷினில் நிற்கிற நீளக் கத்தி, ஓவர்லாக் மெஷினில் துணியின் ஓரத்தை நறுக்குகிற சின்னக் கத்தி, கத்தரிக்கோல், நூல் வெட்டுகிற ட்ரிம்மர், எல்லாம் வரும். அவர் பக்கம் கல் சுற்றினால் என் பக்கம் ஊசி டப்பாக்கள் நடுங்கும். அந்த நடுக்கம் நின்றால்தான் என்ன ஆயிற்று என்று நான் தலையைத் தூக்கிப் பார்ப்பேன்.

அவருக்குச் சொந்த ஊர் பல்லடம் பக்கம். அப்பா தறி ஓட்டியவர். டேனியல் இளவட்டமாக இங்கே வந்து ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளில் துணி விரிக்கிற வேலைக்குச் சேர்ந்தார். இருந்திருந்தால் கட்டிங் மாஸ்டர் ஆகியிருப்பார். ஆனால் அடுத்தவர் தீட்டிய கத்தி அவருக்கு ஆகாது. "அடுத்தவன் பிரஷ்ல பல்லு வெளக்கற மாதிரி இருக்குதுங்க" என்பார். கடைசியில் வெட்டுகிற வேலையை விட்டுவிட்டுத் தீட்டுகிற வேலைக்கே வந்துவிட்டார். பிடிவாதக்காரர் என்று சொன்னால் வருத்தப்படுவார், அதனால் நான் நேரில் சொல்வதில்லை.

கடை போட்ட புதிதில் ஒரு காரியம் நடந்தது. தீட்டிய நீளக் கத்தியில் துரு ஏறாமல் இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தோடு லேசாக எண்ணெய் தடவிக் கொடுத்துவிட்டார். அந்தக் கம்பெனியில் வெள்ளைத் துணி அடுக்கடுக்காக விரித்துக் கிடந்தது. கத்தி இறங்கிய வழியெல்லாம் ஒவ்வொரு அடுக்கின் ஓரத்திலும் மஞ்சள் கோடு. எக்ஸ்போர்ட்டுக்குப் போக வேண்டிய சரக்கு அத்தனையும் இரண்டாம் தரமான செகண்ட்ஸ் ஆகி, காதர்பேட்டையில் கூறு போட்டு விற்கிற நிலைக்கு வந்தது. அங்கே கட்டிங் மாஸ்டராக இருந்தவர் அருள்குமார், டேனியலின் சொந்த மச்சான். அவருக்கு வேலை போனது. இன்று வரைக்கும் அந்த இரண்டு குடும்பத்துக்கும் நல்லது கெட்டதில் மட்டும்தான் பேச்சு.

அதற்குப் பிறகு வந்ததுதான் வெள்ளைத் துணி. தீட்டிய கத்தியைத் தின்னரில் கழுவி, காற்றில் காயவைத்து, வாங்க வந்தவர் கண் முன்னாலேயே புது வெள்ளைப் பனியன் துணி ஒன்றை எடுத்து அலகின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுப்பார். பிறகு துணியை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார். "ஒரு பொட்டு இருந்தாச் சொல்லுங்க" என்பார். இருக்காது. இந்தச் சடங்கு ஊரெல்லாம் பரவி, கட்டிங் மாஸ்டர்கள் கத்தியைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் துணியைப் பார்க்கப் பழகிவிட்டார்கள். டேனியல் கடைக் கத்தி என்றால் நேராகத் துணியில் வைக்கலாம் என்று பேர். அந்தப் பேர்தான் அவருடைய சொத்து. அவருக்கும் அது தெரியும், கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

அவர் சம்சாரம் அன்புசெல்வி அவருக்கு மேல். ஒரு பெரிய கம்பெனியில் செக்கிங் பிரிவில் வருடக்கணக்காக நின்றவர். ட்யூப்லைட்டுக்குக் கீழே பீஸ் பீஸாகத் திருப்பிப் பார்த்து, ஓட்டை, நூல் பிரிந்தது, கறை என்று பிரித்துப் போடுகிற வேலை. கடுகு அளவு எண்ணெய்க் கறையும் அந்தம்மா கண்ணில் தப்பாது. இந்த இரண்டு பேரும் சேர்ந்த வீட்டில் அப்பளத்தைச் சுட்டுத்தான் தின்பார்கள் என்று நான் கிண்டல் செய்வதுண்டு. உண்மையிலேயே சுட்டுத்தான் தின்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

ஆர்டர் குறைந்த ஒரு வருடத்தில் செக்கிங்கில் பாதிப் பேரை நிறுத்தினார்கள். அன்புசெல்வியும் அதில் ஒருவர். வீட்டில் சும்மா இருந்து பழக்கமில்லாதவர், சும்மா இருந்தே இளைத்துப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் தேஜஸ்ரீ வந்தாள். நிட்டிங் கம்பெனி வைத்திருக்கிற குடும்பத்துப் பெண். பெங்களூரில் படித்துவிட்டு வந்து, அவினாசி ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்டு நாய்களுக்கு ஒரு பார்லர் திறந்திருந்தாள். குளிப்பாட்டி, முடி வெட்டி, நகம் நறுக்கி அனுப்புகிற இடம். முடி வெட்டுகிற கிளிப்பர் மெஷினின் பிளேடுகள் மழுங்கினால் பெங்களூருக்குக் கூரியரில் அனுப்பிவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. யாரோ டேனியல் பேரைச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பிளேடுகளைப் போட்டு எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏனுங்ண்ணா, இதைத் தீட்ட முடியுமுங்களா?"

டேனியல் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது ஒரு கத்தி இல்லை, இரண்டு. கீழே சீப்பு மாதிரி பல் வைத்த தகடு ஒன்று, அது தோலின் மேல் உட்காரும். அதன் மேல் சின்னத் தகடு ஒன்று, அது இடமும் வலமுமாக ஓடும். நடுவில் மாட்டுகிற முடியை இரண்டும் சேர்ந்து கத்தரிக்கும். மேல் தகட்டை ஒரு ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும். "பண்ணிப் பார்க்கலாமுங்க அம்மிணி" என்றார்.

முதல் ஜோடியைப் பாழாக்கினார். ஓவர்லாக் கத்தியைப் போலக் கல்லில் தட்டையாகத் தேய்த்துவிட்டார். கண்ணாடி மாதிரி மின்னியது, முடியை மட்டும் வெட்டவில்லை. பிறகு ஒரு புதுப் பிளேடை ஸ்டீல் ஸ்கேலில் ஒட்டிவைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பார்த்தபோதுதான் நடுவில் நூலிழை அளவுக்கு வெளிச்சம் கசிவது தெரிந்தது. உள்ளே லேசாகக் குழிந்திருக்க வேண்டும், அப்போதுதான் பல் நுனி நுனியைத் தொடும். லேத் பட்டறையில் சொல்லி அதற்கேற்ற சரிவோடு ஓர் இரும்புத் தட்டு கடைந்து வாங்கி, அதன் மேல் சாணைப் பொடியைத் தூவி, சுற்றவிட்டுத் தேய்த்தார். கைக்கு வந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே பெருமையாக இருந்தது.

வெட்டுகிறதா என்று பார்க்க நாய் முடி வேண்டுமே. பார்லரிலிருந்து ஒரு சாக்கு நிறைய வரும். அது வந்த நாளிலிருந்து கடைக்குள் தீட்டுப் பார்ப்பது போல இரண்டு மேஜை, கட்டிங் கத்திக்கு ஒன்று, கிளிப்பருக்கு ஒன்று. முடி ஒன்று பறந்து கட்டிங் கத்தியோடு போய்விட்டால் பனியனில் நாய் முடி என்று கம்ப்ளெய்ன்ட் வரும். நடுவில் பிளாஸ்டிக் திரை வேறு. கட்டிங் மாஸ்டர் சண்முகவேல், டேனியலின் பெரிய வாடிக்கை, வந்து திரையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, இனி நாய்க்கும் ஜட்டி தைக்கறாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். டேனியல் சிரிக்கவில்லை. சாக்கிலிருந்து ஒரு கொத்து முடியை எடுத்து, கிளிப்பரை ஓடவிட்டு ஒரு வெட்டு வெட்டிப் பார்ப்பார், உடனே நிறுத்துவார். பிளேடைத் தின்னரில் கழுவுவார். வெள்ளைத் துணியில் இழுப்பார். ஒரு பொட்டு இருக்காது. டப்பாவில் போட்டு அனுப்புவார்.

பார்லருக்குப் பிளேடு கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் அன்புசெல்வி ஒரு நாள் போனார். நாய் குளிப்பாட்ட ஆள் இல்லாமல் தேஜஸ்ரீ தவித்துக்கொண்டிருந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கை கொடுத்தவர், அடுத்த நாளும் போனார், பிறகு வேலையாகவே ஆகிவிட்டது. கொஞ்ச நாளில் கிளிப்பர் அந்தம்மா கைக்கு வந்தது. கடிக்கிற நாய்கூட அந்தம்மா தொட்டால் படுத்துக்கொள்ளும் என்று தேஜஸ்ரீயே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

"கம்பெனி வேலைக்கு இது எப்படிங்கம்மா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"அத்தனை வருசம் துணியத் திருப்பித் திருப்பிப் பார்த்தனுங்க. துணி ஒரு நாளும் என்னையத் திரும்பிப் பார்த்ததில்லீங்க. இதுக பார்க்குதுங்க" என்றார்.

அந்த முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. அந்த வேலை அந்தம்மாவுக்குக் கிடைத்த ஒரு சந்தோஷம், அவ்வளவுதான் விஷயம்.

பிறகு சின்னு வந்தது.

சின்னு என்பது மாரக்காளின் நாய். தரையைப் பெருக்குகிற அளவுக்கு முடி வைத்த வெள்ளைக் குட்டை ஜாதி. மாரக்காளுக்குப் பல்லடம் தாண்டித் தோட்டமும் கோழிப் பண்ணையும் இருக்கின்றன. வீட்டுக்காரர் இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். லாரி லாரியாகக் கோழி அனுப்புகிற அந்த வீட்டில் சின்னு மட்டும் ஏசி அறையில் தூங்கும். கோடை வந்ததும் முடி சிக்குப் பிடித்துவிட்டது என்று பார்லருக்குக் கொண்டுவந்தார்கள். வயிறு, தொடை இடுக்கு எல்லாம் ஒட்ட வெட்ட வேண்டியிருந்தது. சிக்கு என்றால் நேரம் பிடிக்கும். அன்புசெல்வி பொறுமையாக வெட்டினார். வெட்டுகிறபோது நாய் இரண்டு தடவை துள்ளியது. கூச்சம் என்று நினைத்துத் தடவிக் கொடுத்துவிட்டுத் தொடர்ந்தார்.

மறுநாள் தொடை இடுக்கில் சிவந்து, நாய் நக்கி நக்கிப் புண்ணாகிவிட்டது. கால்நடை டாக்டர் பார்த்துவிட்டுச் சூடு பட்ட காயம் என்று சொல்லியிருக்கிறார். மாரக்காள் காரில் வந்து இறங்கினார். சத்தம் போடுகிற ஆள் இல்லை.

"கண்ணு, இந்தப் பொம்பளை கையி இனி என்ற சின்னு மேல படக் கூடாது" என்று தேஜஸ்ரீயிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்புசெல்வி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், அவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மாரக்காளைப் பார்த்துத்தான் மற்ற பண்ணை வீடுகளும் அந்தப் பார்லருக்கு நாயை அனுப்பின. தேஜஸ்ரீ என்ன செய்வாள். "கொஞ்ச நாளைக்கு வராதீங்கக்கா, நானே கூப்பிடறேன்" என்றாள். கொஞ்ச நாள் என்றால் என்ன அர்த்தம் என்று பனியன் கம்பெனியில் வேலை பார்த்த யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வீட்டில் நடந்ததை டேனியலே என்னிடம் சொன்னார். பிளேடு சூடாகிவிட்டது என்றிருக்கிறார் அன்புசெல்வி. என்னுடைய கத்தி மேல் குற்றம் சொல்லாதே என்றிருக்கிறார் இவர். அப்படியென்றால் என் கை மேல்தான் குற்றமா என்று கேட்டிருக்கிறார் அந்தம்மா.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லலீங்க."

எனக்குக் கோபம் வந்தது. பொய்யாகவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கட்டிக்கொண்டவள் கேட்கிறாள், இந்த மனிதன் கத்தி பக்கம் நிற்கிறார். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கு வருவது நின்றது. என்னுடையதில் பாதியைத் தின்றார். திட்டிக்கொண்டேதான் கொடுத்தேன்.

பிறகு ஒரு மத்தியானம் என் ஊசி டப்பாக்களின் நடுக்கம் நின்றது. எட்டிப் பார்த்தேன். அன்புசெல்வி கட்டைப்பையோடு அவர் கடைக்குள் நின்றுகொண்டிருந்தார். பைக்குள்ளிருந்து கிளிப்பரை எடுத்து மேஜையில் வைத்தார். பார்லரில் கேட்டு வாங்கி வந்திருக்கிறார்.

"நீங்க தீட்டின பிளேடு ஒண்ணு இதுல மாட்டுங்க" என்றார்.

டேனியல் தயாராக இருந்த ஒன்றை எடுத்தார். பழக்கம் விடுமா, வெள்ளைத் துணியில் ஓர் இழுப்பு இழுத்து அந்தம்மாவுக்குக் காட்டினார். பிறகு எனக்கும் காட்டினார். "பாத்துக்குங்க வெள்ளையண்ணா, ஒரு பொட்டு இல்லை."

"பாத்தாச்சுங்க" என்றார் அன்புசெல்வி. "இப்பக் கைய நீட்டுங்க."

"எதுக்குப் புள்ள?"

"நாயி எதுக்குன்னு கேக்கலீங்க. நீட்டுங்க."

நீட்டினார். அன்புசெல்வி அந்த உள்ளங்கையை மேலே திருப்பி, முழங்கைக்குக் கீழே தோல் மெல்லிசாக இருக்கிற இடத்தில் பிளேடை வைத்து, நாய்க்குச் செய்வது போலவே மெதுவாக மேலும் கீழும் ஓட்டினார். கை முடி சுத்தமாக வழிந்து விழுந்தது. டேனியல் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார், பார்த்தீர்களா என்கிற மாதிரி.

அந்தம்மா நிறுத்தவில்லை. ஓட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு பேர் கத்தி வாங்க வந்து, நிலைமையைப் பார்த்து, அப்புறம் வருகிறோம் என்று போய்விட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் மாறியது. முதலில் வண்டு மாதிரி இருந்தது, பிறகு கீச்சென்று ஏறியது. டேனியலின் சிரிப்புப் போய், தாடை இறுகியது. கையை மட்டும் இழுக்கவில்லை. மானஸ்தர்.

"போதும் விடுங்கம்மா" என்றேன்.

"அதுக்கு வாயில்லீங்க. இவருக்கு இருக்குதில்லீங்க, சொல்லட்டும்" என்றார் அன்புசெல்வி. கண் நிறைந்திருந்தது. கை மட்டும் ஆடவே இல்லை.

"சுடுது" என்றார் டேனியல்.

அந்தம்மா கிளிப்பரை அணைத்து மேஜையில் வைத்தார். டேனியலின் கையில் பிளேடு அகலத்துக்குச் சிவப்பாக ஒரு பட்டை, அதில் சீப்புப் பல்லின் கோடுகள்கூடத் தெரிந்தன. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் மெஷின் சத்தம்தான். அதைச் சொன்னேன். "டேனியலு, அது எண்ணெய் இல்லாம ஓடுற ஓவர்லாக் சத்தமாட்ட இருக்குதுப்பா."

அவர் பிளேடைக் கழற்றினார். விரலில் பட்டு மறுபடி சுட்டது. மேல் தகட்டையும் கீழ்த் தகட்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார். இரும்பின் மேல் இரும்பு, நடுவில் ஒன்றுமே இல்லை. அவர்தான் ஒன்றுமில்லாமல் செய்திருந்தார். ஒரு கொத்து முடிக்கு மேல் அவர் அதை ஓட்டிப் பார்த்ததே கிடையாது, சூடு எங்கே தெரியப் போகிறது.

"இது கத்தி இல்லீங்க வெள்ளையண்ணா" என்றார் மெதுவாக. "இது மெஷினு. நான் மெஷின எண்ணெயில்லாம வறட்டி வறட்டி அனுப்பிட்டு இருந்திருக்கறேன்."

அன்புசெல்வி ஜெயித்த சந்தோஷத்தில் இருப்பார் என்று பார்த்தால், ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கட்டைப்பைக்குள்ளிருந்து வெள்ளைப் பனியன் வேஸ்ட் துணி ஒரு கொத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பார்லர் அம்மிணி எண்ணெய் போடச் சொல்லித்தான் குடுத்தாங்க. நானும் போட்டனுங்க. போட்டுட்டுத் தொடச்சிருங்கன்னாங்க. துணில ஒரு பொட்டு வராத வரைக்கும் தொடச்சுப்போட்டனுங்க. வெள்ளை நாயாச்சே, கறை பட்டுருமேன்னு."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் வறட்டி அனுப்புகிறார், இன்னொருவர் அதன் மேல் விட்ட எண்ணெயையும் துடைத்து எடுக்கிறார். இப்படி ஒரு ஜோடி திருப்பூரில் மட்டும்தான் அமையும். எனக்குச் சிரிப்பு வந்தது, அவர்கள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

டேனியல் எழுந்து என் கடைக்கு வந்தார். "வெள்ளை எண்ணெய் ஒரு பாட்டில் குடுங்க" என்றார். தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய். என் கடையில் அவர் கை வைக்காத ஒரே சரக்கு அதுதான். வாங்கிப்போய்ப் பிளேடின் பல் மேல் சில சொட்டு விட்டு, லேசாக ஒற்றி எடுத்து, அடுத்த கையை அவரே நீட்டினார். அதே நேரத்துக்கு ஓட்டிப் பார்த்தார்கள். வெதுவெதுப்பு வந்தது, சூடு வரவில்லை.

"நீ தொடச்சதச் சொல்ல வேண்டாம்" என்றார் சம்சாரத்திடம். "கத்தி என்னுது. நான் போய்ச் சொல்லிக்கறேன்."

அவருக்கு வண்டி ஓட்ட வராது. என் ஸ்கூட்டியில்தான் போனோம். அன்புசெல்வி பின்னாலேயே பஸ்ஸில் வருவார் என்று நான் நினைக்கவில்லை. தேஜஸ்ரீ போன் செய்து மாரக்காளையும் வரவைத்திருந்தாள். புண் ஆறி வந்திருந்த சின்னு மாரக்காள் மடியில் உட்கார்ந்துகொண்டு எங்களைப் பார்த்து உறுமியது.

"வறட்டுக் கத்தியக் குடுத்தது நானுங்க. சூடு அதுல வந்ததுங்க. என்ற ஊட்டுக்காரி கையில குத்தமில்லீங்க" என்றார் டேனியல்.

தேஜஸ்ரீ முகம் மாறியது. "பெங்களூர்ல இருந்து வர்ற பிளேடு எண்ணெயோடதாங்ண்ணா வரும். இதும் அப்படித்தான்னு நான் நெனச்சுட்டேன். ஓட ஓடத் தொட்டுப் பார்க்கோணும்னு அக்காகிட்ட அழுத்திச் சொல்லல" என்றாள்.

அதோடு முடிந்திருக்கும். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அன்புசெல்வி உள்ளே வந்தார். "பாதித் தப்பு என்னுதுங்க. விட்ட எண்ணெயத் தொடச்சது நானுங்க. அது துள்ளுச்சு, கூச்சம்னு நெனச்சுட்டனுங்க" என்றார். டேனியல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மாரக்காள் யாரையும் பார்க்கவில்லை. டேனியலின் கையைத்தான் பார்த்தார். "அது என்னப்பா?"

"சின்னுவுக்குப் பட்டதுதானுங்க. எனக்கும் பட்டுது."

"ஆரு வெச்சா?"

"இவதானுங்க."

மாரக்காள் கொஞ்ச நேரம் நாயைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "சரி. இவளே வெட்டட்டும். ஆனா ஒவ்வொரு தடவையும் முதல்ல இந்தாள் கையில வெச்சு ஓட்டோணும். நான் பார்க்கோணும். அப்பறந்தான் என்ற சின்னு மேல வெக்கோணும்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மனிதனை வைத்து நாய்க்குச் சோதனை. வாயைத் திறக்கப் போனேன், டேனியல் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஆகட்டுமுங்க" என்றார். வெளியே வந்து, "உங்களுக்கு ரோஷம் இல்லீங்களா?" என்று கேட்டேன். "வேலை திரும்பக் கெடைச்சிருச்சில்லீங்க" என்றார். வண்டியைக் கிளப்பினேன்.

சின்னுவுக்கு முடி வளர்ந்து மறுபடி முறை வந்தது. டேனியல் கடையைச் சாத்திவிட்டு, சலவைச் சட்டை போட்டு, சட்டைப் பையில் ஒரு வெள்ளைத் துணியும் மடித்து வைத்துக்கொண்டு என் வண்டியில் ஏறினார். பார்லரில் மாரக்காள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டேனியல் முழுக்கைச் சட்டையைச் சுருட்டி மேஜை மேல் கையை நீட்டினார். பழைய சிவப்பு மங்கலாக, பழுப்பு நிறக் கோடுகளாக இருந்தது.

அன்புசெல்வி பிளேடில் எண்ணெய் விட்டார். லேசாக ஒற்றினார், துடைக்கவில்லை. கிளிப்பரைப் போட்டார். பிறகு தன் ரவிக்கைக் கையை மேலே ஏற்றி, தன் கையில் வைத்து ஓட்டினார்.

"ஏம்மா, அந்தாள் கையிலதான வெக்கச் சொன்னேன்" என்றார் மாரக்காள்.

"அவரு வலிச்சாச் சொல்ல மாட்டாருங்க" என்றார் அன்புசெல்வி. "எனக்கு வலிச்சா எனக்குத் தெரியுமில்லீங்க."

வெகுநேரம் ஓட்டினார். மாரக்காள் எழுந்து வந்து தானே பிளேடைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நாயைத் தூக்கி அந்தம்மா கையில் கொடுத்தார். சின்னு அந்தக் கையை முகர்ந்துவிட்டு மேஜையில் படுத்துக்கொண்டது. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் டேனியல் நின்றுகொண்டிருந்தார். பிறகு பையிலிருந்த வெள்ளைத் துணியை எடுத்து, சம்சாரத்தின் கையில் ஒட்டியிருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டார். துணியில் நன்றாகவே கறை பிடித்தது.

அந்தத் துணியை அவர் தூக்கிப் போடவில்லை. கடையில், கட்டிங் கத்தி மேஜைக்கு நேர் மேலே, ஆணியில் மாட்டினார். எண்ணெய்ப் பாட்டிலும் பக்கத்திலேயே, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி. வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். நான் பயந்த மாதிரியே கத்தி வாங்க வந்த சண்முகவேல் அதைப் பார்த்துவிட்டார்.

"என்ன டேனியலு, உன்ற கடைல எண்ணெய்த் துணியா?"

என் பக்கம் ஊசி டப்பாக்களின் நடுக்கம் நின்றது. தெருவிலேயே பெரிய வாடிக்கை. ஒரு வார்த்தை வெளியே சொன்னால் மற்ற மாஸ்டர்களும் போய்விடுவார்கள். கழற்றிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"கத்தி தொடச்சதில்லீங்க மாஸ்டர்" என்றார் டேனியல். "என்ற ஊட்டுக்காரி கையத் தொடச்சதுங்க. அது அங்கயே இருக்கட்டுமுங்க."